சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

கட்டிய மனைவியைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாதுதான். பேசாமல் இருக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் பத்தொன்பது வருடம் சோதனைக் குழாய் கழுவியவள், ஓய்வு பெற்ற மறுவாரமே வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீர் சோதிக்கக் கிளம்பிவிட்டாள். வயலில் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் கிணற்றில் இறங்குகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கைக்குழந்தைக்கு எமன். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினாலு கிணறு பார்த்துவிட்டாள். வண்டியோட்டி நான்.

முடிவை வாசலில் நின்று சொல்லவே மாட்டாள். அடுப்படிக்குப் போய், அந்த வீட்டாரிடம் மட்டும்தான் சொல்வாள். ஊருக்குத் தெரிந்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

என் அண்ணன் மட்டும் இரண்டு வருடமாகப் பிடிகொடுக்கவில்லை. "என் கிணத்துத் தண்ணிக்கு என்ன குறைச்சல்?" என்பார். அவருக்குப் பேரன் பிறந்து மூன்றாம் மாதம், பார்க்கப் போனோம். டப்பாப் பால் குடிக்கிற குழந்தை. அதன் உதடு சாம்பல் பூத்து நீலமாக இருந்தது.

"குளிருதுபோல," என்றாள் மருமகள்.

என் மனைவி பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்துக் குடத்தில் நனைத்தாள். ஒரு நிமிடத்தில் ரோஜா நிறம் ஏறியது. நைட்ரேட் கூடக் கூட அந்த நிறம் அடர்ந்துகொண்டே போகும்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான் பாதியாச் சுண்டக் காய்ச்சிப் பால் கலக்குறோம்," என்றார் அண்ணன், பெருமையாக.

"உப்புத் தண்ணியச் சுண்டக் காய்ச்சினா உப்பு கூடுமா, குறையுமா மாமா?"

காய்ச்சிய தண்ணீரில் நனைத்த தாள் பீட்ரூட் நிறமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"காய்ச்சினா கிருமி சாகும். இது கிருமி இல்ல. பயந்து பயந்து நீங்க காய்ச்சக் காய்ச்ச ஏறிக்கிட்டேதான் போகும். குழந்தையத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை வண்டியின் மேல் காட்டினேன். ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் உதடு சிவந்தது. "சரியான நேரத்துல யாருங்க கண்டுபிடிச்சது?" என்று டாக்டர் கேட்டதும், மற்றவர்கள் முந்துவதற்குள் நான் என் மனைவியைக் கை காட்டினேன்.

அண்ணன் அவளிடம் வந்தார். "இன்னும் எத்தனை கிணறும்மா பாக்கணும்?"

"நாப்பது இருக்கும், மாமா."

"நாளைக்கு நான் வண்டி ஓட்டுறேன்."

"அந்த வேலைக்கு ஆள் இருக்கு," என்றேன். "நீங்க பின்னாடி உக்காருங்க."

உட்கார்ந்து வந்தார். முதல் வீட்டில் ஒரு கைக்குழந்தை. அடுப்பில் பால் கலக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி பையைத் திறப்பதற்குள் அண்ணன் போய் அடுப்பை அணைத்துவிட்டு, "நானும் இப்படித்தாம்மா செஞ்சேன்," என்றார்.