மூன்றாம் முறை உடைந்த பிளேட்

யோகராணி பல் பார்ப்பவள் அல்ல. பல்லுக்குப் போடும் சாமான்களைச் செய்பவள். நகரத்தின் ஒரு கோடியில், ட்ருகனினாவில் கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய லாப்பில் அவளுக்கு வேலை. வளரும் பிள்ளைகளின் வாயை அளவெடுத்து டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளின் மேல் கம்பி வளைத்து, அக்ரிலிக் ஊற்றி, தேய்த்து மெருகேற்றி, கழற்றி மாட்டும் பிளேட்டாகத் திருப்பி அனுப்புவாள். ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய்களை அறிந்திருந்தாள். ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.

அதற்கு முன் அதே தெருவில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டினாள். அகதியாகப் படகில் வந்தவள். விசாவுக்காக ஒரே கதையை நான்கு அதிகாரிகளிடம் நான்கு முறை சொன்னாள். நான்கு பேரும் ஆதாரம் கேட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் தொழிற்கல்லூரியில் சேர்ந்து, தன்னில் பாதி வயதுக்காரர்களோடு உட்கார்ந்து இந்த வேலையைப் படித்தாள்.

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை, கிளேட்டனிலிருந்து டாக்டர் பிரதீப்குமார் அனுப்பிய பொட்டலத்தில் அக்ஷரா என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பிளேட் வந்தது. கீழ்த்தாடை பின்தங்கி, மேல்பல் பதினொரு மில்லிமீட்டர் முன்னால் நீண்டிருந்த பிள்ளை. அவளுக்காக மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளேட் யோகராணிதான் செய்திருந்தாள். வாயை மூடினால் இரண்டின் சரிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தி, கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்தும். எலும்பு வளரும் வயதில் இரவும் பகலும் போட்டால் தாடை மெல்ல அங்கேயே பழகிக்கொள்ளும். வளர்ச்சி நின்றபின் போட்டுப் பயனில்லை. பதினெட்டு வயதுக்குமேல் அறுவை சிகிச்சைதான்.

கீழ்ப்பிளேட் இரண்டாக உடைந்திருந்தது. இது மூன்றாம் முறை. கூடவே ஒரு குறிப்பு: பிள்ளை போடுவதில்லை, கழற்றிப் பைக்குள் திணிக்கிறாள் போலிருக்கிறது; இதுதான் கடைசி ரிப்பேர், இனி உடைந்தால் சிகிச்சையை நிறுத்திவிடலாம்.

யோகராணி துண்டுகளை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தாள். போடாத பிளேட் புதுக் கண்ணாடிபோல இருக்கும். இதில் மெருகே இல்லை. கம்பி பல்லைப் பிடிக்கும் இடங்களில் வெள்ளையாகப் பற்காரை படிந்திருந்தது. பையில் நசுங்கியிருந்தால் கம்பி வளைந்திருக்கும். ஒரு மயிரிழைகூட வளையவில்லை. இரண்டு பக்கச் சரிவுகளிலும் ஏதோ அராவியதுபோல் தேய்ந்து தட்டையாகியிருந்தது. மூன்று முறையும் உடைந்தது முன்பல்லுக்குப் பின்னால் அதே இடத்தில்தான்.

டாக்டர் சொன்னபடி செய்து கொடுப்பதுதான் லாப்பின் வேலை. சிகிச்சையில் கருத்துச் சொல்வது வழக்கமில்லை. அவள் தேநீர் ஊற்றினாள், குடிக்காமல் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"டொக்டர், லாப்பில இருந்து யோகராணி கதைக்கிறன். அந்தப் பிள்ளை பிளேட்டைப் போட்டிருக்கிறா. ராவு பகலாப் போட்டிருக்கிறா. நித்திரையில பல்லை நெருமுறா போல கிடக்கு, அதாலதான் உடையுது."

டாக்டர், "நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"பிளேட்டைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்."

வியாழக்கிழமை பிள்ளையும் அம்மாவும் வருகிறார்கள், பிளேட்டை நேரில் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அரைநாள் லீவு போட்டு, நகரத்தின் மறுகோடிக்கு யோகராணி காரோட்டிப் போனாள்.

அக்ஷரா தன் முழங்கால்களைப் பார்த்தபடி இருந்தாள். அவள் அம்மா கல்யாணி, மகள் பொய் சொல்கிறாள் என்று இரண்டு மாதமாகப் போனைப் பிடுங்கி வைத்திருப்பதாகவும், சனிக்கிழமை நெட்பால் விளையாட்டை நிறுத்திவிட்டதாகவும் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யோகராணி துண்டுகளை மேசையில் வைத்து, தேய்ந்த இடம், காரை, உடைந்த கோடு என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள்.

கல்யாணி துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ராத்திரி நறநறன்னு சத்தம் வரும்," என்றாள். "கெட்ட கனவு காணுறான்னு நெனச்சுப் போர்வையை இழுத்து விட்டுட்டு வந்துடுவேன்."

"ஐ டோல்ட் யூ, அம்மா," என்றாள் அக்ஷரா. கல்யாணி நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னை நம்பாமல் விட்டேனே என்று மெதுவாகச் சொன்னது மற்ற இருவருக்கும் கேட்டது. இருவரும் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டரும் பிள்ளையிடம் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். பிறகு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவத்தைக் காட்டி, வளர்ச்சி இன்னும் ஒரு வருடமாவது மீதியிருக்கிறது, அதை வீணாக்கக்கூடாது என்றார். எப்படி உடையாமல் செய்வது என்று யோகராணியைக் கேட்டார். அக்ரிலிக்குக்குள் உலோக வலை வைத்து, உடையும் இடத்தை இரண்டு மில்லிமீட்டர் தடிப்பாக்கலாம் என்றாள். முதல் வாரம் பேச்சு குழறும் என்பதையும் மறைக்கவில்லை. அக்ஷரா பரவாயில்லை என்று தலையாட்டினாள்.

அந்தப் பிளேட் பத்து மாதம் தாங்கியது. ஒருமுறை கம்பி மட்டும் தளர்ந்தது. மேல்பல் முன்னால் நீண்டிருந்த பதினொரு மில்லிமீட்டர் நாலரையாகக் குறைந்தது. மிச்சத்தைக் கிளிப் போட்டுச் சரிசெய்யலாம், அறுவை சிகிச்சை வேண்டியிருக்காது என்றார் டாக்டர். உடைந்து வரும் பிளேட்டுகளை இப்போது அவர் முதலில் யோகராணிக்குப் படமெடுத்து அனுப்பி, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். சிக்கலான பிள்ளைகள் வரும் வியாழக்கிழமைகளில் அவளும் கிளேட்டனுக்குப் போகிறாள்.

கிளிப் போடும் நாளில் அக்ஷரா அவளைக் கண்டதும், "வாண்ட் டு சீ, ஆன்ட்டி?" என்று கேட்டு வாயைத் திறந்தாள். யோகராணி எட்டிப் பார்த்தாள். அச்சில் பார்த்த பற்கள்தான். ஆனால் இப்போது உதடுகள் சிரமமில்லாமல் மூடின. மூடியபின் அந்த முகம் சிரித்தது.

"வடிவாயிருக்கு பிள்ளை," என்றாள்.

நெட்பாலில் தான் இப்போது கோல் போடும் இடத்தில் விளையாடுவதாக அக்ஷரா சொல்லிக்கொண்டே போய்ச் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்தாள்.