மேசைக்குக் கீழே ஒரு செவ்வந்தி

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. நகரின் மேற்கு விளிம்பில், கர்க்லாண்டைத் தாண்டியுள்ள பசுமை இல்லத்தில் வழக்கம்போல முதலில் வெப்பநிலையைக் குறித்தேன். மஞ்சள் ஒட்டு அட்டைகளில் சிக்கிய பூச்சிகளைப் பார்த்தேன். பிறகு பிகோனியாச் சட்டிகளை வரிசையாகப் பார்வையிட்டேன். மூலை மேசையில் இலைகளெங்கும் பழுப்பு வளையங்கள். வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. இலைப்பேன் என்ற சிறு பூச்சி ஒரு செடியில் உறிஞ்சியதை அடுத்ததற்குக் கொண்டுபோகும். அன்னையர் தினத்துக்கென வளர்த்த அந்த மேசை முழுவதையும் பைகளில் கட்டச் சொன்னார் முதலாளியம்மா. எங்கிருந்து வந்தது என்று தேடுவது என் வேலை.

மேசைக்குக் கீழே, சூடாக்கும் குழாயின் அருகில், ஒரு செவ்வந்திச் சட்டி இருந்தது. எங்கள் சரக்கு அல்ல.

என்னோடு வேலை செய்யும் மன்னார் அக்காவுடையது அது. கல்லறைத் திருநாளன்று கணவரின் கல்லறையில் வைத்துச் செபித்தபின், மற்றவர்கள் சட்டிகளை அங்கேயே விட்டுத் திரும்ப, அவர் மட்டும் தூக்கி வந்து இங்கே சூட்டில் வைத்திருக்கிறார். உறைபனியில் விட மனம் வரவில்லையாம். அடுத்த நவம்பரிலும் அதே செடியையே கொண்டுபோக நினைத்திருந்தார். கொரோனாவின் முதல் வசந்தத்தில் கணவர் இறந்தபோது, அடக்கத்துக்கு இவரை விடவில்லை.

“இஞ்சை பாருங்கோ தங்கச்சி, ஒரு புள்ளி இல்லை” என்றார்.

உண்மைதான். ஓர் இலையைக் கிள்ளி நசுக்கி, சாற்றில் சோதனைப் பட்டியை நிறுத்தினேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு வந்தது. வைரஸ் இருந்தால் மட்டும் வரும் இரண்டாவதும் சற்றுப் பொறுத்து வந்தது.

“சில செடி அப்பிடித்தான் அக்கா. தனக்கு ஒண்டும் தெரியாது. பக்கத்திலை நிக்கிறதுக்குக் குடுத்திடும்.”

அவர் பட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கும் அப்ப ஒரு இருமல்கூட இல்லை. முதியோர் இல்லத்திலை வேலை முடிஞ்சு வந்து, அவருக்குச் சாப்பாடு போட்டுக் குடுத்தனான்.”

பையை விரித்துப் பிடித்தேன். என்னைத் தொடவிடாமல், சட்டியைத் தானே உள்ளே இறக்கி, வாயை இறுகக் கட்டினார்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் கம்பியைக்கூட அவர் பிடிக்கவில்லை. செயின்ட்-மிஷேல் நிலையம் வரும்வரை இரு கைகளையும் எதிலும் படாமல் மடியில் மலர்த்தி வைத்திருந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது, அவர் ஏற்கெனவே மேசைக்குக் கீழே முழந்தாளிட்டு, சட்டி விட்டுப்போன வட்டத்தைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். வட்டம் போய்விட்டிருந்தது; ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. வெப்பநிலையைக் குறிக்கவில்லை நான். இன்னொரு தூரிகையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.