உள்ளங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளி

போன திங்கட்கிழமை காலையில் என் போனில் நர்சம்மாவின் குரல்.

எங்கள் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தடுப்பூசி நாள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு, எந்தப் பக்கம் என்ன காய்ச்சல்... எல்லாம் அதில் வரும். நடுவில் நாலு பேர் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பி உயிரை வாங்குவார்கள். அன்றைக்கு வந்தது இது: "கை, கால், வாய்ல புண்ணு வர்ற காய்ச்சல் ஊருக்குள்ள பரவுதுங்க. புள்ளைங்க உள்ள வர்றப்பவே உள்ளங்கை, உள்ளங்கால், வாயெல்லாம் பார்த்துருங்க. புள்ளி இருந்தா ஊட்டுக்கு அனுப்பிருங்க."

தக்காளி காய்ச்சல் என்கிறார்களே, அதுதான். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஒரு பிள்ளைக்கு வந்தால், கூடவே இருக்கிற அத்தனைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

என்னுடைய இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்துக்குப் பக்கத்தில், என் வீட்டு முன்ஹாலில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். கடை, ஹோட்டல், எஸ்டேட் என்று வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். எல்லாம் பள்ளிக்கூடம் போகாத வயசு. இந்தத் தொழிலில் எனக்கு முதல் எதிரி கிருமி இல்லை — பெற்றோர்தான். காலையில் காய்ச்சல் சிரப்பை ஊற்றி, சூடு இறங்கிய நேரம் பார்த்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். மத்தியானத்துக்குள் பிள்ளை கொதிக்கும். அம்மா போனை எடுக்க மாட்டார். "காய்ச்சல்னா கொண்டு வராதீங்க" என்று எத்தனை தடவை தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருப்பேன்? யார் கேட்டார்கள்?

ஆகவே, திங்கட்கிழமை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஆ காட்டு சாமி. கையக் காட்டு கண்ணு."

நாலாவதாக ஜெனி வந்தாள்.

ஜெனிக்கு இரண்டரை வயது. தவழ்கிற காலத்தில் வந்தவள். முதல் அடி எடுத்து வைத்தது என் ஹாலில். அவள் அம்மா ஸ்டெல்லா ஒரு ஹோட்டலில் ரூம்களைச் சுத்தம் செய்கிறாள். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேன் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். எனக்கும் ஜெனிக்கும் அது கடைசி வாரம். வெள்ளிக்கிழமை சேமியா பாயசம், எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ என்று திட்டமெல்லாம் போட்டுவைத்திருந்தேன்.

உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். இரண்டு சிவப்புப் புள்ளி.

"ஏனுங்க டீச்சர்... கொசு கடிச்சதா இருக்குமுங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

கொசுவாக இருக்கட்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கு ஓரத்திலும் ஒன்று. பின்னால் வரிசையில் இன்னும் சில அம்மாக்கள். மகனுக்குக் கண்வலி என்று போன மாதம் நான் திருப்பி அனுப்பிய ஒரு அம்மாவும் அதில் நின்றார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்க முடியுமா?

"கூட்டிட்டுப் போம்மா. கொப்புளத்த உடைக்காத. வாய் வலிக்கும், காரம் வேண்டாம். மோரு, இளநி, குழைஞ்ச சோறுன்னு ஆறவெச்சுக் குடு. தண்ணியே குடிக்கலைன்னாலோ, ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, துவண்டு கெடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி."

"மறுபடி எப்பங்க கூட்டிட்டு வர்றது?"

"காய்ச்சல் விட்டு, கொப்புளம் காஞ்சதும்."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் காயாது.

அடுத்த வேலை, அவள் தொட்டதையெல்லாம் கழுவுவது. பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்கச் சொல்கிறது சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். எழுதியவர் ஏற்காட்டுப் பனியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது... வெயிலை எந்தக் கடையில் வாங்குவது? சமையல்கட்டில் கொடி கட்டி யானை, கரடியெல்லாம் தொங்கவிட்டேன்.

ஜெனி போர்த்திக்கொண்டு தூங்கும் துண்டு மட்டும் பாக்கி. பவுடரும் தேங்காய் எண்ணெயும் பாலுமாக அதில் அவள் வாசம் இருந்தது. முகத்தில் ஒரு தடவை வைத்துக்கொள்ளலாமா? எச்சில் பட்ட துணி. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள் நான். வெந்நீரில் போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

புதன்கிழமை பொறுக்கவில்லை. பிள்ளைகள் போனதும், ஸ்டெல்லா குடியிருக்கிற மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிட்டேன். வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவது என்று எனக்கு நானே சத்தியம்.

ஸ்டெல்லா வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் கழுத்தில் சிலுவை, வாசலில் வேப்பிலை.

"ஊட்டு ஓனரம்மா செருகுனாங்க டீச்சர். ஆத்தா வந்திருக்கான்னு சொன்னாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க. ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துட்டோம். அம்மை இல்லீங்களாம், நீங்க சொன்ன காய்ச்சல்தானாம். ஆனா தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வெளியாளு உள்ள வரக்கூடாதுன்னு ஓனரம்மா கண்டிசன்."

யோசித்துப் பாருங்கள். நர்சம்மா என்ன சொல்கிறார்? பிள்ளையைத் தனியே வை, வெளியாளை விடாதே, குளிர்ச்சியாகக் கொடு. ஆத்தா சொல்வதும் அதையேதான். மாரியாத்தாளும் சுகாதாரத் துறையும் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில் நான் ஒருத்தி.

என் குரல் கேட்டு ஜெனி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"டீச்சா... தூக்கு."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஹாலில் இப்போது பல்கூட முளைக்காத ஒன்று இருக்கிறது. நாளைக்கு அதைத் தூக்கப்போவதும் இதே கைதான். இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது... மனசு கேட்டால்தானே? காப்பகமாவது மண்ணாங்கட்டியாவது என்றுதான் இருந்தது அந்த நிமிஷம்.

"கிட்ட வராதீங்க டீச்சர். அங்க கைப்புள்ள இருக்குதுல்லங்க" என்று ஸ்டெல்லா அவளை அள்ளிக்கொண்டாள்.

ஜெனி அழவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அம்மா தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை வந்தது. அவர்களுடைய சாமான் வண்டி எப்படியும் என் வீட்டைத் தாண்டித்தான் மலையிறங்க வேண்டும். ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டார்களா? ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாவது கையாட்டலாம். காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. கைப்பிள்ளைக்கு ஈரத்துணி மாற்ற மட்டும் ஒரு தடவை உள்ளே போனேன்.

மதியம் போன் அடித்தது.

"டீச்சர், அடிவாரம் வந்துட்டோமுங்க."

"அடிவாரமா? எப்பம்மா இறங்குனீங்க?"

"உங்க ஊட்டு வாசல் வழியாத்தான் வந்தோமுங்க. புள்ளைங்க கேட்டுப் பக்கத்துல நின்னுட்டு இருந்துச்சுங்க. டீச்சா ஊடு, டீச்சா ஊடுன்னு இவ நொம்ப அழுதா. நிறுத்துனா எறங்கி ஓடிருவாளுங்க. கொப்புளம் இன்னும் காயலீங்களே... அதான் நிறுத்த வேண்டாம்னு நானே சொல்லிப்போட்டேன். நீங்க சொன்ன மாதிரியே செஞ்சனுங்க டீச்சர்."

"நல்லது பண்ணுனம்மா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை அப்படியே கேட்ட அம்மா என்றால் ஸ்டெல்லா ஒருத்திதான்.

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம்.