கல்பனாவுக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம்

பிள்ளை பெற்றவள் வீட்டு வாசலில் காவல் நிற்பது, சம்பளமும் லீவும் கிடையாத, கெட்ட பெயர் மட்டும் உடனுக்குடன் கிடைக்கிற உத்தியோகம். தோழிக்கு ஒத்தாசை என்று கிளம்பிப் போய் இதில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்; மற்றவர்கள் எப்படியும் குழந்தை பார்க்கக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

கல்பனா என்னோடு கான்வென்டில் படித்தவள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து, நாற்பத்தோரு வயதில், ஆபரேஷன் செய்து ஒரு பெண் குழந்தை. அவளுக்கு அம்மா இல்லை. மாமியார், நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் கிடைத்துவிட்டது என்று பதினோராம் நாளே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். அதற்குள் கல்பனாவுக்குத் தூக்கம் என்பதே மறந்துபோயிருந்தது. குழந்தை அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது என்பதுபோலப் பார்த்தாள். காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மருந்து அப்புறம் பாக்கலாம். பகல்ல ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல இவங்களைத் தூங்க வைங்க. இப்படியே விட்டா நல்லதில்லை" என்றார். எங்கள் திருவண்ணாமலை மலையைத் தூக்கிச் செங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொல்லியிருந்தால் சுலபமாக முடித்திருப்பேன்.

கண் பார்க்க வந்த அத்தை

முதல் நாள் மத்தியானம், தாயும் பிள்ளையும் அப்போதுதான் கண்ணயர்ந்தார்கள். கல்பனாவின் கணவர் சேகர் பள்ளிக்கூட வாத்தியார். யாரையும் வராதே என்று சொல்லத் தெரியாத மனிதர். அவருடைய அத்தை போளூரிலிருந்து வந்து இறங்கினார். நேரே தொட்டிலுக்குப் போய், மூக்கு இன்னார், நெற்றி இன்னார் என்று தன் வீட்டு ஆட்களுக்கெல்லாம் பாகம் பிரித்தார். பெற்றவளுக்கு ஒரு காது மிஞ்சியது. அதோடு விட்டிருக்கலாம். குழந்தையின் கன்னத்தைச் சுண்டினார். அது வீலென்று கத்த, கல்பனா தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். தூங்குகிற பிள்ளையை ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணு எப்படி இருக்குதுன்னு பாக்காம எப்படிம்மா போறது? எனக்குப் பஸ்ஸுக்கு வேற நேரமாவுது."

ஃபேன் ஸ்விட்ச்

பத்தியம் சொல்ல வந்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போடலாம். ஒருத்தி பூண்டு போடு என்பாள், அடுத்தவள் வயிறு எரியும் வேண்டாம் என்பாள். தண்ணீரைக் கம்மி பண்ணச் சொன்னதில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை. திருவண்ணாமலை வெயிலில் நான் ஃபேனைப் போடப் போட, எதிர்வீட்டு அம்மா வந்து வந்து அணைத்தார். "நாங்கல்லாம் பெத்த பதினஞ்சாம் நாளே நாத்து நடப் போனோம்" என்றார். நாலு படி ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவர் அவர். "அதான் முட்டி போயிடுச்சாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"உனக்கு வாய் ஜாஸ்தி. பத்தியம் அவளுக்கு இல்லம்மா, உனக்குத்தான் வைக்கணும்."

அறிவிப்புப் பலகை

நாலாம் நாள் ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன். 'தாயும் குழந்தையும் தூங்குகிறார்கள். பகல் ஒன்று முதல் நாலு வரை யாரும் பெல் அடிக்க வேண்டாம்.' கான்வென்ட் கையெழுத்து. தெரு முனையிலிருந்தே படிக்கலாம். சரியாக ரெண்டு மணிக்கு காலிங் பெல். ஒரு முறை இல்லை, மூன்று முறை. கதவைத் திறந்தால் சேகரோடு வேலை பார்க்கிற இன்னொரு வாத்தியார், கையில் ஆப்பிள் பையோடு நிற்கிறார். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அட்டையை விரலால் காட்டினேன்.

"படிச்சேங்க. இன்னும் தூங்கறாங்களா, எழுந்துட்டாங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் பெல் அடிச்சேன்."

பௌர்ணமி விருந்தாளிகள்

கல்பனாவின் வீடு கிரிவலம் போகிற பாதைக்குப் பக்கத்துத் தெரு. போதாததற்குச் சுத்தமான பாத்ரூம். பௌர்ணமிக்கு முதல் நாளே மூன்று ஊரிலிருந்து போன். "எப்படியும் கிரிவலம் வர்றோம், அப்படியே கொழந்தையையும் பாத்துட்டுப் போயிடறோம்." சேகர் எல்லோருக்கும் "வாங்க வாங்க" என்றார். கல்பனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் சேகர் பள்ளிக்கூடம் போனதும் ஆட்டோ பிடித்தேன். தாய், பிள்ளை, துணிப்பை, மூன்றையும் ரெண்டு தெரு தள்ளி என் வீட்டில் இறக்கினேன். டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கவும், அழுதால் பிள்ளையைத் தூக்கவும் என் வீட்டுக்காரருக்கு உத்தரவு. சேகரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவரே வருகிறவர்களுக்கு வழி காட்டிவிடுவார். திரும்பி வந்து, காலி அறையில் ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

பதினோரு பேர் வந்தார்கள். பாத்ரூம் போனார்கள், டீ குடித்தார்கள், போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். ஒரு சித்தப்பா சோபாவில் ஒரு தூக்கம் போட்டார். பொய் சொல்லக்கூடாது என்று சிஸ்டர்மார் பன்னிரண்டு வருஷம் சொல்லி வளர்த்த உடம்பு இது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "மெதுவா பேசுங்க" என்று மட்டும் சொன்னேன். கதவைத் திறக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. கிளம்பும்போது வேலூர்ச் சித்தி மட்டும் சாத்திய கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"சமத்துக் கொழந்தை. ஒரு சத்தம் இருக்குதா பாரு. அப்படியே எங்க அண்ணன் கொணம்."

மச்சம்

அஞ்சு மணிக்கு என் வீட்டுக்குப் போனேன். நடுவில் ஒரு தடவை பால் கொடுத்ததைத் தவிர, பன்னிரண்டிலிருந்து நாலு வரை கல்பனா தூங்கியிருக்கிறாள். எழுந்ததும் பசிக்கிறது என்று கேட்டு வாங்கித் தயிர்சாதம் சாப்பிட்டாளாம். நான் போனபோது தலையைக்கூட வாராமல், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கணக்கை ஒப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏய், இவளுக்கு உள்ளங்கால்ல ஒரு மச்சம் இருக்குதுடி. பொறந்ததுலேர்ந்து இருந்திருக்கும், நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

குழந்தை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பாத்ரூமும் ஒரு டம்ளர் டீயும் போதும், குழந்தை அவசியமில்லை என்பதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்பேன்.