கையைத் தூக்கினால் ஒரு கோடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பதில் தெரிந்த பிள்ளை வகுப்பில் தூக்குகிற கை அல்ல அது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நிற்பவரின் கை... இறங்க நேரமாகும் என்று தெரிந்த கை.

"எவ்ளோ நேரமா இப்டி குந்திகினு கீற?" என்று கேட்டார் மேரி அக்கா.

"இருவது நிமிசம் இருக்கும்க்கா."

மேரி அக்கா, ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற சாலையில் இருக்கும் பெண்கள் விடுதியின் வார்டன். தங்கியிருப்பவர்கள் எல்லாருமே சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். கை தூக்கியவள் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம். ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஐந்து வருடமாக ஆபரேட்டர்.

நான் அடுத்த தெரு. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற தெரு. அதனால்தான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். பழையதில் ஆறு, முறையான கடிதத்தோடு விடுதிக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் டில்லி. அங்கே மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், மேரி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். மெஷின்கள் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் அவற்றில் இருந்த இயங்குதளத்துக்கு வயதாகிவிட்டது; அதன் புதிய வடிவம் இவற்றில் ஏறாது.

ஆகவே இன்னொரு இயங்குதளம், லினக்ஸ். இலவசம். பழைய மெஷினிலும் ஓடும். இதுவரை எனக்கும் டில்லிக்கும் சண்டை இல்லை.

எந்த லினக்ஸ்? சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் லினக்ஸ் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் அடிப்படை ஒன்றுதான். அதன்மேல் ஆளாளுக்குத் தங்கள் ருசிப்படி சமைத்த வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒரே வாக்கியம் — 'புதியவர்களுக்கு மிக எளிது!' நான் ஒரு வாரம் படித்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். டில்லி வேறு ஒன்றைச் சொன்னார்.

"இன்னா சார் நீ, உன்து லோடு ஆகிறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"உங்களுதுல ஒரு படத்தைத் திறக்கவே கமாண்ட் அடிக்கணுமே?"

"அடிச்சா இன்னா? வெரலு தேஞ்சிடுமா?"

மேரி அக்காதான் தீர்த்துவைத்தார். "ஓட்டப்போறது நீங்க ரெண்டு பேரும் இல்ல. பொண்ணுங்க ஓட்டிப் பாக்கட்டும்."

நியாயம். லினக்ஸில் ஒரு வசதி உண்டு: மெஷினில் எதையும் பதியாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டில்லி என்னுடையதையும் தன்னுடையதையும் பென் டிரைவ்களில் ஏற்றினார். எண்ணிக்கைக்காக மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார். பெயர் தெரியக்கூடாது என்று கலர் டேப் ஒட்டினோம். என்னுடையது வெள்ளை, அவருடையது நீலம், யாருக்கும் வேண்டாத மூன்றாவது கறுப்பு. சிவப்பு டேப்பை மட்டும் டில்லி எடுக்கவே இல்லை. "செவப்பு பாத்தா எந்தப் பொண்ணும் தொடாது சார். லைன்ல செவப்பு லைட்டுன்னா மெஷின் ஸ்டாப்பு."

பெயர்களை இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ரசிகர் மன்றம் இருக்கிறது. என் இன்பாக்ஸ் சின்னது.

ஒன்பது மணிக்கு ஆறு மெஷினிலும் ஆறு பெண்கள் உட்கார்ந்தார்கள். வைஃபையில் சேர வேண்டும், தமிழில் பெயர் அடிக்க வேண்டும், அதைச் சேமிக்க வேண்டும், ஒரு வீடியோ பார்க்க வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. நானும் டில்லியும் வெளியே போய் டீயோடு சண்டையைத் தொடர்ந்தோம். திரும்பி வந்தால்... ஆறில் நான்கு கைகள் மேலே.

முத்துலட்சுமியின் திரையில் ஒரு சின்னப் பெட்டி: இந்த வைஃபையை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?

"ஆமான்னு அமுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"புதுசா என்ன வந்தாலும் தொடக் கூடாதுல்லா சார்? அஞ்சு வருசமா அதான சொல்லித் தந்திருக்காவ!"

உண்மை. நிறுத்து, கூப்பிடு, காத்திரு. அவர்கள் கம்பெனிச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக மெஷினில் எது தெரிந்தாலும் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வரும்வரை தொடக் கூடாது. பல பேருடைய விரல்களைக் காப்பாற்றிய விதி அது. கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்த விதியால் முத்துலட்சுமி ஒரு பரீட்சையில் தோற்றிருந்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள்.

ஒரு உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடர் ஆவதற்குக் கம்பெனியில் ஒரு டெஸ்ட். கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். முப்பது கேள்வி, அரை மணி நேரம். போன முறை ஒன்பதாவது கேள்வியில் ஒரு பெட்டி வந்தது. கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வெளியே போனில் இருந்தார். அவர் உள்ளே வந்தபோது பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது.

"பெட்டில என்ன எழுதியிருந்துச்சு?"

"தொடரணும்னா ஓகே அமுக்குங்கன்னு."

"படிச்சியா?"

"படிச்சேன் சார். அமுக்கலை."

இரண்டு முறைதான் எழுதலாம். இரண்டாவது முறை, இன்னும் பதினைந்து நாளில். லைன் லீடர் என்றால் ஜெனரல் ஷிப்ட். ஐந்து வருடமாக வாரத்துக்கொரு நேரம் தூங்குகிறவளுக்கு, தினமும் ஒரே நேரத்தில் தூங்குவது என்பது பதவி உயர்வைவிடப் பெரிய விஷயம்.

மேரி அக்கா சாப்பாட்டு மெனு எழுதும் பலகையை அழித்தார். நீலம், வெள்ளை, கறுப்பு என்று மூன்று கட்டம் போட்டார். "யார் கையத் தூக்கினாலும் ஒரு கோடு. பெனிஃபிட்டு, வேகம், அழகுன்னு ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

மாலை நான்கு மணிக்குக் கணக்கு முடிந்தது. நீலத்துக்குப் பதினேழு கோடு. கறுப்புக்கு ஆறு. என் வெள்ளைக்கு... முப்பத்தொன்று. எந்த ஊர் நேரம், எந்த விசைப்பலகை, அப்டேட் இப்போதா பிறகா என்று அது கேட்ட கேள்விகள், பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்க மாட்டார்கள்.

எளிது என்பதற்கு நான் ஒரு வாரம் படித்த எந்த விளக்கமும் அந்தப் பலகையின் பக்கத்தில் நிற்காது. எத்தனை முறை இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. அதை, எப்போதும் கூப்பிடப்படுகிற ஆளான டில்லியிடமும் என்னிடமும் கேட்டுப் பயனில்லை.

ஆறு மெஷினிலும் கறுப்பை ஏற்ற டில்லி உட்கார்ந்தார். ஐந்து முடிந்தது. ஆறாவதில் முத்துலட்சுமி குறுக்கே வந்தாள்.

"டில்லியண்ணே, இதுல வெள்ளையப் போடுங்க."

எனக்குச் சட்டென்று ஒரு பெருமை. "பாத்தீங்களா டில்லி? தரம் தெரிஞ்ச ஆளு."

"அது இல்ல சார். இதான் சும்மா சும்மா பொட்டி பொட்டியா வந்து உயிர எடுக்கு. டெஸ்ட்லயும் வரும்லா? வந்து வந்து பழகணும்."

டில்லி சிரித்த சிரிப்பில் காபித் தம்ளர் கவிழ்ந்தது. மேரி அக்கா கீபோர்டை மட்டும் காப்பாற்றினார்.

அடுத்த பதினைந்து நாளும் ஷிப்ட் முடிந்ததும் ஆறாவது மெஷின் அவளுக்கு. பெட்டி வந்தால் சத்தமாகப் படிப்பாள். ஒரு மூச்சு விடுவாள். அமுக்குவாள். முதல் மூன்று நாள் வலது கை தானாக மேலே போனது. அதற்கு மேரி அக்கா ஒரு வழி கண்டார் — கையை மவுஸோடு சேர்த்து ஒரு தட்டு.

டெஸ்ட் நாள் மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவளை மேரி அக்கா, டில்லி, நான் மூவரும் முக்கில் பிடித்தோம். என் மகள் எழுதிய பரீட்சைக்குக்கூட நான் இப்படித் தெருமுனையில் நின்றதில்லை.

"பொட்டி வந்துச்சா?" டில்லிதான் கேட்டார்.

"ரெண்டு வந்துச்சுண்ணே."

"கையத் தூக்கினியா?"

"தூக்குனேனே!"

எங்கள் மூன்று பேர் முகமும் விழுந்ததைப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

"முப்பதாவது கொஸ்டினையும் முடிச்சிட்டு... சோம்பல் முறிக்க."

போன வாரம் ரிசல்ட் வந்தது. இப்போது ஜெனரல் ஷிப்ட். மெஷினில் விளக்கு எரிந்து யாராவது கை தூக்கினால் ஓடிப்போய் நிற்கிறாள். திரையில் எழுத்து வந்து தூக்கினால், 'ஏட்டி, மொதல்ல படிச்சியா?' என்கிறாளாம்.

இந்தப் பத்தியை அடித்துக்கொண்டிருக்கும்போது என் திரையில் ஒரு பெட்டி வந்தது. நாலு மாதமாக, படிக்காமலே 'நாளைக்கு' என்று அமுக்கி அனுப்பிய அதே அப்டேட் பெட்டி. நல்லவேளை, கையில் தட்ட மேரி அக்கா பக்கத்தில் இல்லை... இந்த முறை படித்துவிட்டேன்.