காணவில்லை என்ற ஐந்து எழுத்து

கோவில்பட்டியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்த எழுத்துதான். கொழுத்த தூரிகையை மையில் முக்கி ஒரே வீச்சில் இழுத்ததுபோல் தொடங்கும். வால் பக்கம் மை வற்றி, மயிர் மயிராகப் பிரியும். கபடிப் போட்டி, தலைவர் பிறந்தநாள், புதுப்படம், ஆடித் தள்ளுபடி எல்லாவற்றுக்கும் அதுவே.

என் தம்பிக்கும் அதையே போட்டார்கள்.

ஞாபகம் தப்பிப்போகும் நோய் அவனுக்கு. கழுகுமலைக்குக் கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. போஸ்டர் அடிக்கக் கொடுத்தபோது, புறப்பட்ட நாள், கிழமை, வேளை, சட்டையின் நிறம், நோயின் விவரம் எல்லாம் நான்தான் எழுதினேன். தேதி இல்லாத காகிதத்தை நான் மதிப்பதில்லை. சாதாரண அச்செழுத்து போதும் என்றேன். தம்பி மனைவி ஒப்பவில்லை.

"ஓடுத பஸ்ஸுல இருந்து பாத்தாலும் தெரியணும் அத்தான்."

கடைக்காரர் கணினியில் அந்த எழுத்தைத் தட்டினார். திரையில் 'காணவில்லை' பெரிதாக விழுந்தது. அதில் வரும் இரண்டு ல-வையும் பார்த்தேன். ஒரே இடத்தில் ஒரே பிசிறு. எந்தக் கையும் அப்படி எழுதாது. பின்னால் சிவப்புத் தெறிப்பு ஒன்றையும் அவராகவே சேர்த்துக்கொடுத்தார். நான் எழுதிய விவரமெல்லாம் அடியில் பொடியெழுத்தில் போனது.

ஒட்டிய அன்றே போன் வந்தது. பதறி எடுத்தேன்.

"அண்ணாச்சி, படம் எப்ப ரிலீசு? ஹீரோ கொஞ்சம் வயசான ஆளா இருக்காரே."

அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் அந்த மாதிரிதான். எம்.எல்.ஏ.வைக் காணவில்லை, குடிதண்ணீரைக் காணவில்லை என்று கேலிக்குப் போஸ்டர் ஒட்டும் ஊர் இது. ஒருவர், எந்தக் கட்சிக்காரன் வேலை இது என்று விசாரித்தார். ஒவ்வொருவருக்கும் நிஜமாகவே ஆள் காணவில்லை என்று சொன்னேன். சிலர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்கள்.

பிறகு விளாத்திகுளத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார். பொடியெழுத்தை அப்போதுதான் படித்திருக்கிறார். குரல் இறங்கியிருந்தது.

"அவிய எங்க கடையில டீ குடிச்சாவ அண்ணாச்சி. விளம்பரத்துக்கு வந்த நடிகருன்னு நெனச்சிட்டோம். பயலுவ போஸ்டர் பக்கத்துல நிக்க வச்சு போட்டோகூட எடுத்தானுவ."

என்றைக்கு என்று கேட்டேன். போன வாரமாக இருக்கும், இல்லை அதற்கு முந்தியோ என்றார். எந்த பஸ்ஸில் ஏறினான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

படத்தை அனுப்பினார். யார் யார் கைபேசியிலோ சுற்றி வந்த படம். எடுத்த நாள் அதில் இல்லை. இளைஞர்கள் தோளில் கை போட்டிருக்க, தன் பெயருக்குப் பக்கத்தில் என் தம்பி கும்பிட்டபடி சிரிக்கிறான். சட்டை வேறு யாருடையதோ.

தம்பி மனைவி படத்தை விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்டாவளோ அத்தான்?"

இல்லை என்றேன். மறுநாள் இருவரும் விளாத்திகுளம் போனோம். டீக்கடைச் சுவரில் எங்கள் போஸ்டர்மேல் ஒரு காதணி விழாப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அவள் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினாள். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே கிழிந்து வந்தன.