நான் உருளாத வீதி

இதனை எழுதி வைக்க வேண்டியதன் காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நான் இயன்மருத்துவத்தில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவன்; அவற்றுள் பெரும்பகுதி அக்கலையைக் கற்பித்தும் வந்தவன். அண்மையில் என் மாணாக்கர் எனக்கொரு பாராட்டு மலர் வெளியிட்டனர். தொழிலையே வழிபாடாகச் செய்தவர் என்று அம்மலரில் பலரும் எழுதியிருந்தனர். மேடையில் மாலையோடு அமர்ந்திருந்த எனக்கு அதை மறுத்துரைக்கும் துணிவு வரவில்லை. எனக்குப் பின் அம்மலர் மட்டுமே எஞ்சுமாயின், எஞ்சுவது அரைகுறை உண்மையாகவே இருக்கும். மற்றப் பாதியை நான் சொன்னாலன்றி வேறெவரும் சொல்லப்போவதில்லை.

பகலில் மருத்துவமனையிலும் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்கு வேலை. மாலை நான்கு மணிக்குமேல் வெள்ளவத்தையிலுள்ள வீட்டுக்குத் திரும்பாமல் கொட்டாஞ்சேனைக்குப் பேருந்தேறுவேன். அங்கே ஒரு விளையாட்டுத் திடலையொட்டிய சனசமூக நிலையத்தின் பின்னறையை எனக்கு ஒழித்துத் தந்திருந்தனர். ஒரு மரக்கட்டில், சுவரிற் பூட்டிய ஒரு கம்பி, மணற்பைகள், மீன் வியாபாரி கொணர்ந்து கொட்டும் பனிக்கட்டிக்கு ஒரு வாளி. இவையே எம் கருவிகள். துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் கணுக்கால் வீங்கியும் தோள் விலகியும் அவ்வறைக்கு வருவர். நோவுற்ற மூட்டின்மேல் கைவைக்குமுன் ஒரு கணம் கண்மூடி ஐந்தெழுத்தை மனத்துள் ஓதுவது என் வழக்கம். மாணாக்கர் காரணம் கேட்டால், அவசரப்படும் கைக்குத் தசை தன் நோவைச் சொல்லாது என்பேன். அவர்களுள் கிறித்தவரும் பௌத்தரும் தத்தம் முறைப்படி அவ்வொரு கணத்தைக் கைக்கொண்டனர். இன்று என் கைகள் நடுங்குகின்றன. அந்த அறையின் ஈரச்சாக்கு மணமும் தைலவாடையும் நினைவில் எழும்போது, அங்கே ஒரேயொரு மாலை திரும்பக் கிடைக்காதா என்று மனம் ஏங்குகிறது.

அங்கு வந்தவர்களுள் ஒருத்தி வலைப்பந்தாட்டக்காரி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தந்தைக்குக் கொச்சிக்கடைப் பண்டகசாலையொன்றில் மூட்டை ஏற்றும் வேலை. துள்ளிப் பந்தைப் பிடித்து நிலத்தில் இறங்கியபோது அவளது முழங்காலின் நடுவே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துவிட்டது. முழங்காற்சில்லின் கீழிருந்து ஒரு நார்க்கீற்றை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்துச் சத்திரசிகிச்சை செய்திருந்தனர். தனியார் நிறுவனமொன்று தன் அணிக்காக அவளை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. மறுபடி ஆட முடிந்தால்தான் வேலை. என்னிடம் வந்த முதல்நாளில், தாய் மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, முழங்காலின் அமைப்பை அவளுக்கு நெடுநேரம் விளக்கினேன். “சார் பேசுற தமிழுக்கு அடியில சப்டைட்டில் போட்டாத்தான் எங்களுக்கு வெளங்கும்” என்றாள். அவளை அதட்டிய தாயும் சிரித்துவிட்டார்.

ஐந்து மாதங்கள் ஒருநாள் தவறாமல் வந்தாள். மெல்லோட்டம் தொடங்கியிருந்த வேளையில், அயலிலுள்ள அம்மன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. தேரன்று பயிற்சிக்கு வர இயலாதென்றாள். காரணம் கேட்டேன். “ஆப்ரேஷனுக்கு முன்னாடி வேண்டிக்கிட்டேன் சார். கால் நல்லானா, அடிக்கொரு தடவ முட்டிபோட்டு விழுந்து கும்பிட்டு வீதிய சுத்தி வர்றேன்னு.”

அடியழித்தல் என்று எம்மவர் கூறும் அந்நேர்த்தியை நான் அறிவேன். தகிக்கும் தார்வீதியில் நூற்றுக்கணக்கான தடவை முழந்தாளிட்டு எழவேண்டும். கீற்றெடுத்த இடம் இன்னும் முற்றாக ஆறியிருக்கவில்லை. ஓராண்டு பொறுக்குமாறு வேண்டினேன். அம்மனிடம் தவணை கேட்கக் கூடாதென்றாள். பயிற்சி வீணாகும், வேலையும் போகும் என்றேன். கால் கொடுத்தவளுக்குக் கொடுத்த சொல் அதைவிடப் பெரிதென்றாள். பிறகு தலைகுனிந்தபடி கேட்டாள்: “என் கால நீங்க பாத்துக்குவீங்க. என் வேண்டுதல யாரு பாத்துக்குவா?”

“நான் செய்யிறன், பிள்ளை” என்றேன். “உமக்குப் பதிலா நான் பிரதட்டை செய்யிறன். நீர் அண்டைக்கு முழங்காலை மடிக்காமல் நிண்டு கும்பிடும்.”

நோயுற்ற பிள்ளைக்காகத் தகப்பன் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வது எம்மிடையே உள்ள வழக்கந்தான். அவள் நம்பினாள். வழக்கம்போல் மூலையிலிருந்த தாய் எழுந்து வந்து, சுவரிலிருந்த அம்மன் படத்தைக் காட்டி, அதற்கு முன்னால் இன்னொருமுறை சொல்லும்படி என்னைக் கேட்டார். சொன்னேன்.

அச்சொல்லிற் பாதி பக்தி. மறுபாதி, நோயாளியை இணங்கவைத்துவிட்ட ஆசிரியனின் பெருமிதம். அடுத்த வாரமே வகுப்பில், நம்பிக்கையுடைய நோயாளியிடம் நம்பிக்கையின் மொழியிலேயே பேசவேண்டும் என்று இதனை எடுத்துக்காட்டாகக் கூறினேன். மாணாக்கர் குறிப்பெடுத்துக்கொண்டனர்.

தேரன்று விடியற்காலை, வேட்டியையும் துவாயையும் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் ஆண்கள் தலையில் நீரூற்றி, ஈர வேட்டியுடன் வீதியில் வீழ்ந்து உருளத் தொடங்கியிருந்தனர். நான் சட்டையின் முதற் பொத்தானைக் கழற்றினேன். “சேர், நீங்களும் வந்தனீங்களோ?” என்று ஒரு குரல் கேட்டது. என் மாணவன். அவனருகில் எங்கள் மருத்துவமனையின் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் குடும்பத்தோடு நின்றார். அவர்கள் முன்னிலையில் வெற்றுடம்போடு ஈரவீதியிற் புரளும் என்னை நானே ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கை தானாகவே பொத்தானைப் பூட்டிற்று. தேர் பார்க்க வந்ததாகச் சொன்னேன். உலர்ந்த வேட்டி பையிலேயே கிடக்க, வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.

அவளிடம் அடுத்த ஆண்டு என்றேன். அவள் தேரன்று முழங்காலை மடிக்கவில்லை. எனக்களித்த சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். ஆண்டு முடிவில் மறுபடி ஆடினாள். வேலையும் கிடைத்தது. சில ஆண்டுகளின்பின் மணம் முடித்து, கணவனோடு வளைகுடா நாடொன்றுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஆண்டுதோறும் தேருக்கு முதல்நாள் மாலையில் அழைப்பாள். நலம் விசாரித்தபின், “இந்த வருசமா சார்?” என்பாள். அக்குரலில் குற்றஞ்சாட்டும் தொனி ஒருபோதும் இருந்ததில்லை. பரீட்சை வேலை என்பேன். வெளியூர் வகுப்பு என்பேன். பரீட்சையும் வகுப்பும் உண்மையே. ஆனால் அவை காரணங்கள் அல்ல. நாணமே காரணம். கைவைக்குமுன் கண்மூடுவது பிறர் மதிக்கும் பக்தி. வீதியில் உருள்வது பிறர் பார்க்கும் பக்தி. முன்னையதை நாற்பது ஆண்டுகள் செய்தேன். பின்னையதை ஒருநாள்கூடச் செய்யவில்லை.

ஓராண்டு அழைப்பு வரவில்லை. மறு ஆண்டும் வரவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, தேருக்கு முதல்நாள் மாலைகளில் எங்கும் போகாமல் தொலைபேசியருகே அமர்ந்திருக்கலானேன். இன்னுமொருமுறை அவள் கேட்கமாட்டாளா, இம்முறை ஓம் என்று சொல்லிவிடமாட்டேனா என்றிருந்தது.

இப்போது என் முள்ளந்தண்டைக் கவனிப்பவள் என் முன்னாள் மாணவிகளுள் ஒருத்தி. இவ்வாண்டு கொடியேறுமுன், நான் பிரதட்டை செய்யலாமா என்று அவளிடம் கேட்டேன். “உருளுறதோ? கட்டிலில மற்றப்பக்கம் திரும்பவே ரண்டு தலையணை கேக்கிறீங்கள், சேர்” என்றாள். பின்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முள்ளந்தண்டு தாங்காது என்பதை நான் கற்பித்த சொற்களாலேயே எனக்கு விளக்கினாள். செய்ய முடியாதென்றாகிவிட்டபின், செய்யவில்லை என்பதையாவது நேரிற் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அந்த ஆட்டக்காரியின் பழைய தொலைபேசி இலக்கம் இயங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவர்கள் முன்பிருந்த ஒழுங்கையில் விசாரித்தபோது, குடும்பம் மட்டக்குளித் தொடர்மாடிக்கு மாறிவிட்டதென்றனர். அடுத்தநாட் காலை அங்கு போனேன். மூன்றாம் மாடிவரை, படிக்கொருமுறை நின்று நின்று ஏறினேன். கதவைத் திறந்த தாய் என்னைக் கண்டதும் அடையாளம் கொண்டார். தந்தை காலமாகிவிட்டாராம். தேநீர் தந்து, எதிரே தரையில் அமர்ந்தார். நேர்த்தியை நான் இதுவரை நிறைவேற்றவில்லை என்பதை ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அவர் என் தேநீர்க் கோப்பையை வாங்கி வைத்தார். பிறகு சொன்னார்: “அது முடிஞ்சிருச்சு சார். போன வருசத்துக்கு முந்தின வருசம் லீவுல வந்தப்ப அவளே செஞ்சா. வீதி முழுக்க விழுந்து கும்பிட்டா. சார்கிட்ட சொல்லாதம்மா, செய்ய முடியலியேன்னு வருத்தப்படுவாருன்னா.”

என் வாயிலிருந்து வந்தது ஒரேயொரு கேள்விதான். “முழங்கால் வீங்கினதோ, அம்மா?”

“இல்ல சார்” என்றார் தாய். “நீங்க பாத்த காலுதானே.”

அவர் தம் கைப்பேசியில் மகளை அழைத்துப் பார்த்தார். மணி நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. அவள் வேலையில் இருப்பாள், சார் வந்துபோனதைச் சொல்கிறேன் என்றார். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், என் மேலிருந்த சுமை இறங்கிவிட்டதென்று எனக்கே சொல்லிப் பார்த்தேன், மனம் ஏற்கவில்லை. மன்னிப்பை அன்று நான் நாடவில்லை. வெயிலேறிய தாரும், ஈர வேட்டியும், முதுகில் உறுத்தும் கல்லும், என்னை அறிந்தவர் எல்லோரும் பார்த்துநிற்கும் அவ்வீதியுமே எனக்கு வேண்டியிருந்தன. அவற்றை இனி எனக்குத் தருவார் எவருமில்லை. அந்த நேர்த்தியும் இப்போது என்னுடையதன்று.

வீடு மாறியபோது என் சிகிச்சைக் குறிப்பேடுகளை இழந்தேன். ஆதலால் நினைவொன்றையே துணைக்கொண்டு இதனை எழுதியுள்ளேன். ஐந்து மாதம் என்றது ஆறாக இருக்கலாம். குழாயடியில் என்னை அழைத்தவன் மாணவனல்லாத வேறொருவனாகவும் இருக்கலாம். அப்பின்னறையில் என்னோடு பணிசெய்தவர்களும் அங்கு சிகிச்சை பெற்றவர்களும் இதில் பிழை காணின் தயவுசெய்து திருத்தியனுப்புக. அந்த ஆட்டக்காரியின் கண்ணில் இது படுமாயின், அவள் சொன்னவற்றுள் நான் மாற்றி எழுதியவை எவையென அவளே அறிவிப்பாளாக. அவள் திருத்தும் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்வேன்.